துளை எண் இருபத்திரண்டு

ஆண்டறிக்கை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி வாக்கில். செம்புக் கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு வருஷம் தவறாமல் அனுப்புகிற வழவழத் தாள் புத்தகம் அது. மற்ற வீடுகளில் அதை யார் எப்படிப் படித்தார்களோ, இந்த வீட்டில் அது நாத்தனாரின் இஸ்திரி மேசைக்கு முட்டுக் கொடுக்கத்தான் பயன்பட்டது. மேசைக்கு ஒரு கால் குட்டை. புது அறிக்கை வந்ததும் நைந்துபோன பழையதை உருவிவிட்டு இதைச் செருகுவார்கள். "கம்பெனியால நமக்குக் கிடைச்ச ஒரே லாபம் இதுதான் அண்ணி" என்று நாத்தனார் ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். இவளும் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பாள்.

இந்த வருஷம் சிரிக்கவில்லை. செருகக் குனிந்தபோது புத்தகம் கை நழுவி, பதினேழாம் பக்கம் விரிந்து விழுந்தது. அதைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முழுப்பக்கப் படம். நீள நீளமான மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் சாக்பீஸ் அடுக்கியதுபோல வரிசையாகக் கல்தண்டுகள். பூமிக்குள் துளை போடும் இயந்திரம் உருவிக்கொண்டு வருகிற கல் அது. தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் சின்ன மரக்கட்டை. கட்டையின்மேல் கறுப்பு மையில் எண். எத்தனை மீட்டர் ஆழத்தில் வந்த கல் என்பதற்கு அதுதான் அடையாளம். பெட்டிகளுக்கு மேலே ஒரு பலகை: துளை எண் 22. படத்தின் கீழே, இந்த நிதியாண்டில் துளையிட்டு எடுக்கப்பட்டவை என்று ஒரு வரி.

அந்த எண்கள் இவள் கணவரின் கையெழுத்து.

அவர் நாலு எழுதினால் முக்கோணம்போல உச்சியை மூடிவிடுவார். ஏழு எழுதினால் இடுப்பில் ஒரு கோடு கட்டாமல் விடமாட்டார். கட்டையில் எண் எழுதுவதுதான் அவர் வேலை. பதினாலு வருஷம் அந்தக் கம்பெனியில் அதைத்தான் செய்தார். "கல்லுக்கு வாய் கிடையாது, நான் எழுதுற கட்டைதான் அதுக்கு வாய்" என்பார். கட்டை மாறினால் மலையே பொய் சொல்லிவிடுமாம். கம்பெனி போனஸ் கொடுக்க முடியாத ஒரு வருஷம் பணத்துக்குப் பதிலாக இருநூறு பங்கு கொடுத்தது. அதை இவள் பெயரில் எழுதி வைத்தார். இவள் பங்குதாரர் ஆனது அப்படித்தான்.

அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. செத்துப்போனார் என்று சொல்ல ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. நடந்தது இவ்வளவுதான். இயந்திரத்தின் பிடியில் வலதுகை ஆள்காட்டி விரல் சிக்கி நசுங்கி, ஆறு வாரம் வீட்டில் இருந்தார். விரல் பிழைத்தது, ஆனால் மடங்கவில்லை. இயந்திரமும் அந்த ஆறு வாரம் பழுதாகிக் கிடந்தது. அது சரியானதும் ஆளைக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்றாள் இவள். அவர் துணிமணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே இருந்தார். இவளுக்கு வாய் மீறிவிட்டது.

"விரல் போயும் புத்தி வரல. அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு இருங்க. இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் "சரி" என்றார். அந்த ஒரு சொல்தான். திங்கட்கிழமை காலை ஆறேகால் பஸ். அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: தங்கள் கணவர் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பவில்லை, ஆகவே பெயர் நீக்கப்படுகிறது. அப்படியானால் வழியில் எங்கோ இறங்கியிருக்கிறார். போலீசும் இவளும் நாத்தனாரும் அந்த பஸ் போகிற வழி முழுக்கத் தேடினார்கள். டிப்போ, ஆஸ்பத்திரி, ஆற்றுப்பாலம் ஒன்றையும் விடவில்லை. மழை விட்டும் தூவானம் விடாத கதையாக, தேடல் நின்ற பிறகும் அந்த வழியில் பஸ்ஸில் போனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டுதான் போவார்கள்.

இவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். மறுநாள் காலை முதல் வேலையாக, லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியைப் பதினேழாம் பக்கத்தின்மேல் வைத்தாள். படம் புள்ளி புள்ளியாக உடைந்தது. அச்சடித்த படத்துக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்தால் நாலும் ஏழும் மறுபடியும் அவருடையவை ஆயின.

நாத்தனார் அன்று லாண்டரிக் கடை கொடுத்தனுப்பிய துணிகளை அப்படியே போட்டுவிட்டு, பெட்டியின் அடியில் இருந்த அண்ணனின் சட்டைகள் ஐந்தையும் எடுத்து இஸ்திரி போட்டாள்.

"இந்த வருஷத்து வேலைன்னு போட்டிருக்கானே அண்ணி. அப்ப அங்கதானே இருக்காரு? காண்டிராக்டர்கிட்ட சேந்திருப்பாரு. அதான் கம்பெனி ரிஜிஸ்டர்ல பேர் இல்ல."

இவளும் அப்படித்தான் நினைத்தாள். ஏழு வருஷம் முகம் காட்டாமல் இருக்கிற அளவுக்குக் கோபம், ஆனால் இன்னும் அதே கட்டை, அதே மை. இருக்கட்டும், கோபமாகவே இருக்கட்டும். கம்பெனிக்கு போன் போட்டாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். காண்டிராக்டர் ஆட்கள் யார் யார் என்று கேட்டதற்கு அது தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

நாத்தனார் மேசைமேல் விரித்த சட்டையைப் பார்த்தபடியே, விரல் அடிபடுவதற்கு முன்னால் எழுதியதா பின்னால் எழுதியதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. விரல் மடங்காமல் போனபின் அவர் பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்தார். அப்போது நாலின் உச்சி மூடவில்லை. இடப்பக்கம் வாய் திறந்து நின்றது. ஏழின் இடுப்புக்கோடு முழங்காலுக்கு இறங்கியது. அந்த ஆறு வாரத்து மளிகைச் சீட்டுகள் எல்லாம் இவளிடம் இருக்கின்றன. படத்திலோ எண்கள் எறும்பளவு. அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது.

பங்குதாரர் கூட்டம் மே பதினான்காம் தேதி, ஒரு ஓட்டலின் மாடி ஹாலில். இவள் அதுவரை ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. வாசலில் கையெழுத்து வாங்கியவர் பங்கு எத்தனை என்று கேட்டார். சொன்னதும், அங்கே நின்ற சிறு பங்குக்காரர்கள் "வாங்க இருநூறு" என்று வரவேற்றார்கள். அவர்களுக்குள் அதுதான் பெயர். ஐந்நூறு ஒரு பல் டாக்டர், எண்ணூறு ஒரு பேக்கரிக்காரர். அவர்களுக்குத் தலைவர், தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மூவாயிரத்து ஐந்நூறு. ஆனால் அவரை மட்டும் எண்ணால் கூப்பிடாமல் லைன்மேன் என்றே கூப்பிட்டார்கள்.

லைன்மேன் எழுந்தார். மூன்று வருஷமாக மலையில் ஒரு துளைகூடப் போடவில்லை, போட்டதாகச் சொல்லிப் புதுப்பங்கு விற்கிறார்கள் என்பது அவர் சந்தேகம். போன மாதம் தாமே சுரங்கப் பாதைவரை போய்ப் பார்த்தாராம். லாரி போகிற தடத்தில் முழங்கால் உயரம் புல்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவங்க சோறே இல்லாம மறைக்கிறாங்க" என்றார். ஹால் சிரித்தது. பதினேழாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, இது பழைய படம், பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

இவள் எழுந்து நின்றதே இவளுக்குத் தெரியவில்லை.

"படம் பழசு இல்லைங்க. இந்த வருஷத்துப் படம்தான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "யாருங்க அது, சேர்மன் சம்பந்தியா?" என்று கேட்டது. அதற்கும் ஹால் சிரித்தது. இவள் உட்காரவில்லை. அத்தனை பேரும் கம்பெனி பொய் சொல்கிறது என்று நிரூபிக்க வந்திருந்தார்கள். அந்தக் கம்பெனி உண்மை பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றவள் இவள் ஒருத்திதான்.

சேர்மனுக்குத் தேடாமலே தெய்வம் எதிரே வந்த மாதிரி. பங்குதாரர்களிலேயே ஒருவர் நம்புகிறார், அவரே கல் வைத்திருக்கிற கொட்டகைக்கு வந்து பார்க்கட்டும், விரும்பினால் லைன்மேனும் கூட வரலாம் என்று அறிவித்துவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டவர் அவர்தான் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை. பஸ்ஸில் நாலு மணி நேரம். லைன்மேன் முதல் இரண்டு மணி நேரம் அவளோடு பேசவே இல்லை. மூன்றாவதில் பொறுக்கமாட்டாமல், கம்பெனிக்காரர் அவளுக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டார். அவள் சொன்னாள். இருநூறு பங்கு, விரல், திங்கட்கிழமை பஸ், நாலின் உச்சி எல்லாம் சொன்னாள். அவர் வெளியே தந்திக் கம்பங்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்ப நான் சொல்றது பொய்யா இருக்கணும் உங்களுக்கு."

"ஆமாண்ணே."

"இருந்துட்டுப் போகட்டும்மா. முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறின காசு பூராவும் இந்த மலையிலதான் கிடக்கு. நான் சொல்றது பொய்யா இருந்தா எனக்கும் நல்லதுதான்."

அதற்குப் பிறகு தம் கைப்பையிலிருந்து இரண்டு பன் எடுத்து, பெரியதை அவளிடம் கொடுத்தார்.

கொட்டகை மலையடிவாரத்தில் இருந்தது. தகரக் கூரை, சுவருக்கு மேலே பட்டையாக வலைக்கம்பி, உள்ளே ஆளுயரத்துக்கு இரும்பு அடுக்குகள், அடுக்கு நிறையப் பெட்டிகள். கம்பெனி செக்ரட்டரி முன்னமே வந்து காத்திருந்தார். முப்பது வயதுக்காரர், மடிப்புக் கலையாத சட்டை, அன்றைக்குத்தான் விலைச்சீட்டைக் கிழித்த மாதிரி பூட்ஸ். ஐந்து பெட்டிகளைத் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் மரத்தாங்கிகள்மேல் வரிசையாக வைத்திருந்தார். மேலே அதே பலகை. துளை எண் 22.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் கட்டை 96.00. அடுத்தது 99.00. அதை அடுத்து 102.00. நாலும் ஏழும் வருகிற இடத்துக்குப் போக அவளுக்கு அவசரம் இல்லை. ஒன்பதின் வயிற்றையும் இரண்டின் வாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழு வருஷமாக இப்படி உட்கார்ந்து பார்க்க அவளுக்கு ஒரு முகம் இல்லை. நாலாம் பெட்டியில் 114.00 வந்தது. அதன் நாலு மூடியிருந்தது. மயிரிழைகூடத் திறப்பு இல்லாத, அழகான, அலட்சியமான முக்கோணம். 117.00இன் ஏழுக்குக் கோடு சரியாக இடுப்பில் இருந்தது.

மடங்குகிற விரலால் எழுதியது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததை உடனே எடுத்து வெளியே வைக்க மனசு வரவில்லை. நிமிர்ந்து செக்ரட்டரியிடம், இதை எழுதியவர் என் வீட்டுக்காரர், அவரைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாள். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். எந்த மனுஷனுக்கும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றும். செக்ரட்டரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். லைன்மேனை ஒருமுறை பார்த்தார், பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு, குரலில் நல்ல கனிவோடு, அவர் காண்டிராக்டரின் ஆள் என்றும், இப்போது லீவில் இருக்கிறார் என்றும், அடுத்த மாதம் வந்துவிடுவார் என்றும் சொன்னார்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அடுத்த மாதம். அந்தச் சொல்லை ஏழு வருஷமாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. பொய் என்று தெரிந்தும், கதகதப்பான அந்தச் சொல்லுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கத் தோன்றியது. நாத்தனார் இஸ்திரி போட்ட ஐந்து சட்டைகளும் ஒரு மாதம் கலையாமல் இருக்கும். போதாதா?

"கை எப்படி சார் இருக்கு அவருக்கு?" என்று கேட்டாள்.

"கையா? நல்லாருக்கும்மா. ஒரு குறையும் இல்ல. நல்லா எழுதுறாரே, நீங்களே பாக்குறீங்கல்ல."

அவள் தலையை ஆட்டினாள். லைன்மேன் பக்கம் திரும்பினாள்.

"படம் பழசுண்ணே. இதை எழுதி ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க வேணாலும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

தன் சந்தேகம் உறுதியாகிவிட்டதே என்று லைன்மேன் சந்தோஷப்படவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்துகொண்டார். பலகையை மாற்றியவர்கள் கட்டைகளை மாற்ற மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. எண் என்றால் எண்தான், அதற்கு ஒரு கை உண்டு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. செக்ரட்டரி வெளியே போய் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

அவள் கிளம்பவில்லை. கம்பெனி அவளுக்குக் காட்டியது ஐந்து பெட்டிதான், ஆனால் இதே துளையின் மற்றப் பெட்டிகளும் அடுக்கில் இருந்தன, தூசி மூடி. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் படித்தாள். லைன்மேனும் எழுந்துவந்து ஒவ்வொரு பெட்டியாக இழுத்துக் கொடுத்தார். 135, 138, 141. எல்லாம் அவர் கை. 144 வேறு யாரோ. கிறுக்கல், அவசரம். அவளுக்குப் புரிந்தது. அவர் விரல் நசுங்கிய நாள் அது. அன்று யாரோ ஒருவர் அவசரத்துக்கு எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் ஆறு வாரம் இயந்திரம் நின்றது.

அடுத்த கட்டை 147.

நாலின் வாய் திறந்திருந்தது. ஏழின் கோடு முழங்காலில் கிடந்தது.

அவள் கட்டையைத் தொடவில்லை. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள், கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்ததுபோல. 150. 153. 156. ஒரு கட்டையில்கூட அவர் எழுத்தைச் சுருக்கவில்லை. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் மேலே மேலே எழுதியிருந்தார். மடங்காத விரலோடு, கல்லுக்கு வாய் கோணிவிடக் கூடாது என்று எழுதிய எழுத்து. 174இன் நாலை மூட மூன்று முறை முயன்றிருந்தார், மூடவில்லை, விட்டுவிட்டார். 177இலிருந்து வேறொரு கை. அதற்குமேல் துளை முடிகிறவரை அந்த வேறு கைதான்.

"வந்திருக்காருண்ணே" என்றாள்.

லைன்மேனுக்குப் புரியவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தாள். 147 முதல் 174 வரை பத்துக் கட்டை. பாறை கெட்டியாக இருந்தால் நாளைக்கு மூன்று கட்டை என்று அவர் சொல்வார். அப்படியென்றால் மூன்று நாள், நாலாம் நாள் காலையில் ஒன்று. திங்கட்கிழமை பஸ் ஏறியவர் வழியில் எங்கும் இறங்கவில்லை. இங்கே வந்திருக்கிறார். செவ்வாய், புதன், வியாழன் வேலை பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஒரு கட்டை எழுதியிருக்கிறார். வேலைக்குத் திரும்பவே இல்லை என்று கம்பெனி எழுதிய கடிதம் சுத்தப் பொய், அல்லது ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்கக்கூடச் சோம்பல். அந்த ஒரு கடிதத்தை நம்பி ஏழு வருஷம் தவறான வழியில் தேடியாகிவிட்டது.

அவள் அழுதாள் என்றால் அழுதாள்தான். ஆனால் சத்தம் வரவில்லை, லைன்மேன் பெட்டியை உள்ளே தள்ளுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தப் பக்கம் வராதீங்க என்று அவள் சொன்னதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று கட்டையில் எழுதவில்லை. மூன்று நாள் பொறுமையாக எழுதினார் என்பது மட்டும் இருந்தது. கோபக்காரன் எழுத்து அப்படி இருக்காது. இருக்காது என்றுதான் அவள் நினைத்தாள்.

வாசலில் நின்று வீட்டுக்கு போன் போட்டாள். முதல் மணியிலேயே நாத்தனார் எடுத்தாள்.

"அண்ணி, இருக்காரா?"

"இல்லம்மா." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வந்திருக்காரு. நாம பஸ் வழியில தேடினோமே, அது தப்பு. இங்கிருந்து தேடணும்."

நாத்தனார், நாளைக்கே கடைக்கு லீவு சொல்லிவிடுவதாகச் சொல்லி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

செக்ரட்டரி போனை வைத்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கொட்டகையைப் பூட்ட வேண்டும், மேலிடத்து உத்தரவு என்றார். பூட்டு எத்தனை நாளைக்கு, பங்குதாரர்கள் சீல் வைக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று லைன்மேன் சட்டம் பேசத் தொடங்கினார். அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள வழக்கு. அது நடக்கும், நடக்கட்டும், அதற்கு வேண்டிய வாக்குமூலத்தை அவள் தேதியோடு எழுதித் தருவாள்.

இப்போதைக்கு அவள் 177ஆம் கட்டையின் முன்னால் நின்றாள். வெள்ளிக்கிழமை இரண்டாவது கட்டை. அதை எழுதியவன் அன்றைக்கு அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தவன். அவர் ஏன் எழுந்து போனார், எந்தத் திசையில் போனார் என்று பார்த்த கண் அவனுடையதாக இருக்கும். ஒன்று எழுதும்போது மேலே கொக்கி போடுகிறான். ஏழுக்குக் கோடு கிடையாது, கால் மட்டும் வெட்டுக்கிளிக் கால்போல மடிந்திருக்கிறது.

லைன்மேனிடம் பென்சில் கேட்டு வாங்கினாள். கைப்பையிலிருந்து கடை ரசீது ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில், யாரென்றே தெரியாத அந்த மனிதன் எழுதிய ஏழு என்ற எண்ணை உள்ளது உள்ளபடி பார்த்து எழுதிக்கொள்ளத் தொடங்கினாள்.